பின்னால் பெஞ்சில் இரண்டு பேர்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பனியில் உட்கார்ந்து வேர்த்துப்போன ஒரு மனிதரின் கதை இருக்கிறது. உங்கள் கையிலிருக்கும் காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

“எனக்கு இந்த ஊரும் வேணும், இந்தக் கிறிஸ்துமஸும் வேணும், எல்லாத்துக்கும் மேல நீ வேணும். என்னைக் கல்யாணம்... கல்யாணம்...”

பூப்பூவாகப் பனி விழ, மோதிரப் பெட்டியை நீட்டிக்கொண்டு நின்ற கோல்பி அதற்கு மேல் வராமல் விழித்தான்.

“கட்!” என்று கத்தினார் டைரக்டர். பனி தூவிய எந்திரம் நின்றது. ஜூலை மாத வெயில் சுள்ளென்று உறைத்தது.

கதாநாயகிக்குப் பின்னால் பெஞ்சில் லோர்னாவோடு உட்கார்ந்திருந்த வெண்டல், கம்பளிக் கோட்டுக்குள் புழுங்கினார். டிவிக்கு எடுக்கும் கிறிஸ்துமஸ் காதல் படங்கள் எல்லாம் கோடையில்தான் அந்த மலையடி ஊருக்கு வரும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வெண்டலும், பியூட்டி பார்லர் நடத்திய லோர்னாவும் வருஷா வருஷம் அவற்றில் கூட்டத்தோடு கூட்டமாக வந்துபோகிறவர்கள். இருவருக்குமே துணை போய்ப் பல காலம் ஆகிறது.

இன்றோடு அதுவும் முடிந்தது. லோர்னா வீட்டை விற்றுவிட்டாள். நாளைக் காலை விமானமேறி, நாட்டின் மறுகோடியில் ஹாலிஃபாக்ஸில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போகிறாள்.

வெண்டல் அவளிடம் கேட்க நினைத்ததும் கோல்பியின் வசனத்தைத்தான். அவருக்கும் வரவில்லை.

உதவி டைரக்டர் பெண் ஓடிவந்தாள். “பெரியவரே, நீங்க சர்ச் கோபுரத்தையே பாருங்க. அம்மா, நீங்க கிறிஸ்துமஸ் மரத்தைப் பாருங்க. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டீங்கன்னா, படம் பார்க்கிறவங்க கண்ணு உங்க மேல போயிடும். உதடு மட்டும் அசையணும், சத்தம் வரக் கூடாது. காய்கறிப் பேரைச் சொல்லுங்க, என்ன வேணா சொல்லுங்க.”

“தெரியும் பாப்பா. உனக்குப் பல்லு முளைக்கிறதுக்கு முந்தியே நாங்க இங்க வாயசைச்சிருக்கோம்” என்றாள் லோர்னா.

“ஆக்‌ஷன்!”

வெண்டல் கோபுரத்தைப் பார்த்தபடி ஓசையில்லாமல் உதட்டை அசைத்தார். ‘லோர்னா, போகாதே. என்னைக் கட்டிக்கிறியா?’ சத்தம் இல்லாவிட்டால் எவ்வளவு சுலபமாக வருகிறது!

“என்னைக் கல்யாணம்...” கோல்பி மறுபடியும் நின்றான். உதட்டை வேறு கடித்துக்கொண்டான்.

“கட்! உனக்கு என்னதான்பா ஆச்சு? நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானே இருந்தே!”

எந்திரம் ஓய்ந்த அந்த இடைவெளியில் வெண்டல் துணிந்து திரும்பினார். “லோர்னா...”

“என்ன மனுஷா?”

“ஒண்ணுமில்ல. உன் தொப்பியில பனி.”

“அது காகிதம்.”

“ஆமா. காகிதம்.”

தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது வெண்டலுக்கு.

சாப்பாட்டு வேளையில், கோல்பி செல்போனை எதிரே நிறுத்திவைத்து, கையாலும் உதட்டாலும் யாரோடோ சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தான்.

“அவங்கம்மாவுக்குக் காது கேட்காதாம். தினமும் இந்த நேரத்துக்குப் பேசிடுவானாம், பாவம்” என்றாள் லோர்னா.

“அம்மாகிட்ட பேச வருது, வசனம் பேச வரலையே!” வெண்டல் எரிந்து விழுந்தார். காலையிலிருந்து தன்மேல் வந்த கோபமெல்லாம் அந்தப் பையன் தலையில் இறங்கியது. “சொல்ல வேண்டியது ரெண்டு வார்த்தை. ஒரு ஆம்பளைக்கு ரெண்டு வார்த்தை வாயில வராதா?”

லோர்னா ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

“அதானே! வராதா?” என்றாள்.

மத்தியானமும் அதே கூத்துதான். பனி விழும், கோல்பி திக்குவான், டைரக்டர் கத்துவார். கதாநாயகிக்கு முகப்பூச்சு வழிந்து வழிந்து, திரும்பத் திரும்பப் பூசினார்கள். வெயில் இறங்கத் தொடங்கியதும் டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

“இன்னும் ஒரே தடவை. இதுலயும் சொதப்பினா, இந்தக் காட்சியே வேண்டாம், எல்லாரும் கோட்டைக் கழட்டிட்டு வீட்டுக்குப் போங்க!”

கோட்டைக் கழற்றினால் லோர்னா போய்விடுவாள். எந்திரம் உறும, பனி விழ, அவர் கோபுரத்தைப் பார்த்துத் தன் பாட்டைத் தொடங்கினார். ‘லோர்னா, என்னைக் கட்டிக்கிறியா?’

கோல்பி வாயைத் திறக்கவேயில்லை. மோதிரப் பெட்டியைப் பட்டென்று மூடினான். கதாநாயகியைத் தாண்டி, பொய்ப் பனியை மிதித்துக்கொண்டு, நேரே பெஞ்சுக்கு வந்து நின்றான்.

“ஐயா, என்னால முடியல. எங்கம்மா உதட்டைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன் நான், சத்தமில்லாம பேசினாலும் எனக்குப் புரிஞ்சிடும். காலையிலேருந்து என் வசனத்தை எனக்கு முன்னாடியே நீங்க சொல்லிடறீங்க.”

வெண்டலின் முகம் ரத்தமாகச் சிவந்தது. “அது... தப்பா எடுத்துக்காதே தம்பி. சும்மா... காய்கறிப் பேர் மாதிரி...”

லோர்னா மரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“உங்களையாவது சமாளிச்சிருப்பேன் ஐயா. பக்கத்துல இந்த அம்மாவைப் பார்த்தாத்தான் சிரிப்பை அடக்க முடியல.” கோல்பி அவள் பக்கம் கையை நீட்டினான். “அவங்க காலையிலேருந்து ஒண்ணேதான் சொல்றாங்க: ‘கேட்டுத் தொலையேன், மனுஷா!’”

நீங்களும் உங்கள் பிள்ளை குட்டிகளும் நன்றாக இருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் எந்த அன்பும் வாய்க்குள்ளேயே நின்றுபோகாமல் இருக்கட்டும்.