குறைக்காத மைக்
மாலை வெயில் மேடைத் துணியில் சாய்ந்து கிடக்கிறது. எம்.எல்.ஏ. பேசி முடித்து உட்கார்ந்ததும் அவர் முன்னிருக்கும் மைக்கின் சத்தத்தைக் குறைத்துவிடுவது மைக்செட்காரனின் வழக்கம். இன்றும் குறைத்துவிட்டான்; அதற்குப் பிறகு அங்கே பேசுவது ஹெட்போனில் அவனுக்கு மட்டும்தான் கேட்கும். ரசாயன ஆலை முதலாளிகள் சங்கத் தலைவர் எம்.எல்.ஏ.வின் பக்கம் சாய்கிறார். அந்த ஆலைகளின் புகைதான் மைக்செட்காரனின் மனைவியின் நெஞ்சை அரித்துக் கொன்றது. "தேர்தல் செலவு மொத்தமும் எங்களோடதுண்ணே. அந்தப் புகைச் சட்டத்தை மட்டும் கிடப்புல போட்டுடுங்க." இவன் சத்தத்தைக் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகுகிறான். எம்.எல்.ஏ. சிரிக்கிறார். "உங்க பணத்துல நிக்கிற நான் உங்க புகையைத் தடுப்பேனா? செத்தவங்களா வந்து ஓட்டுப் போடப் போறாங்க?" குரலும் சிரிப்பும் தெருக்கோடி வரை ஒலிக்கின்றன. கூட்டத்தில் விசிறிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நிற்கின்றன. எம்.எல்.ஏ. பதறிப்போய், மைக்கை அணைக்கச் சொல்லிக் கையை ஆட்டுகிறார். இவன் குமிழிலிருந்து விரலை எடுத்து, அவரையே பார்த்தபடி நிதானமாகக் கைகட்டிக்கொள்கிறான்.