எர்த்துக் குழி

வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கிற விசைத்தறிக் கொட்டகையில், திறந்து கிடக்கும் ஸ்விட்ச் போர்டின் முன்னால் தணிகாசலம் குந்தியிருக்கிறான். அவன் கையில் ஒரு பல்பு. அதன் ஒரு ஒயர் கரண்டில், மற்றது எர்த்தில். எர்த் சரியாக இருந்தால் பளிச்சென்று எரிய வேண்டிய பல்பு, பீடி நுனி மாதிரி சிவந்து கிடக்கிறது. இதுவரை எர்த்தை நியூட்ரலோடு முறுக்கித்தான் தறி ஓட்டினார்கள். நேற்று வீட்டிலிருந்து வரும் நியூட்ரல் நடுவில் அறுந்தது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் அந்த முறுக்கு வழியாகத் தறியின் இரும்பிலெல்லாம் ஏறி, அவன் மனைவி சுசித்ராவைத் தூக்கி எறிந்தது. இன்று அறுந்ததைச் சேர்த்து, அந்த முறுக்கைப் பிரித்துவிட்டான். இனி வெளியே எர்த் கம்பி புதைத்திருக்கிற எர்த்துக் குழிதான் கதி. ஈரம் இருந்தால்தான் அது கரண்டை மண்ணுக்குள் இழுக்கும். அதுவோ கத்திரி வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. குழியருகே சுசித்ரா, துணி சுற்றிய கையால் குடத்தைச் சாய்க்கிறாள். உப்பும் கரியும் கொட்டிய மண் சொய்யென்று உறிஞ்சுகிறது. பல்பு மெல்ல வெளுக்கிறது. தண்ணீரை மண் உள்ளே இழுத்துக்கொண்டதும் பல்பு மறுபடி சிவக்கிறது.

"இன்னும் ஊத்து."

"குடிக்கிற தண்ணி பாவா. இதான் கடைசி."

"அப்ப வேணாம் சுசி, உள்ள வா. கரண்ட ஆஃப் பண்ணிடறேன்."

"சாயங்காலம் சேலைய அறுத்துக் குடுக்கலன்னா முதலாளி ஆளுங்க வந்து தறியில இருக்கிற பாவு நூல அவுத்துகினு போயிடுவாங்க. நீ தறிய போடு பாவா, நான் ஊத்திகினே இருக்கேன்."

குடம் தலைகீழாக இருக்கிறது. சொட்டுவதும் நின்றுவிட்டது. அவள் அதை இறக்கவில்லை.