'டி' எங்கம்மா இருக்குது?

"துர்கா, இந்த 'டி' எங்கம்மா இருக்குது?"

இஸ்ரேல் அண்ணா மறுபடியும் கேட்டார். எனக்குப் பத்திகினு வந்துச்சு. திருத்தணியில கல்லை விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு தணிகாசலம் தலையிலதான் விழும். ஆஸ்பத்திரியில பேர் பதியற கவுண்டர்ல ஒரு வருஷமா உக்காந்துகினு இருக்கிற மனுஷனுக்கு இன்னும் கீபோர்டுல 'டி' எங்க இருக்குன்னு தெரியல.

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரெண்டாவது கவுண்டர்ல துர்கா. பொதட்டூர்பேட்டைப் பொண்ணு. நான் உக்காந்த இடத்துல இருந்து அவ முகம் மட்டும்தான் தெரிஞ்சுது.

"மேல் வரிசையில அஞ்சாவதுண்ணா," ன்னா சலிச்சுகினே.

நான் வந்தது சர்வர் வேலைக்கு. ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் போன வாரத்துல இருந்து புது சர்வர்ல ஓடுது. அதுல மெமரி கூட்டணும். அதுவரைக்கும் சாஃப்ட்வேரை, ஓட்டம் நிக்காமலே பழைய சர்வருக்கு மாத்தணும். பட்டனை அழுத்தினேன். முடியாதுன்னு சிவப்பு எழுத்து வந்துச்சு. மூணு தரம் அழுத்தியும் அதே பாட்டு.

மேனேஜர் ஹேமநாதன் சார் வந்து தலைக்கு மேல நின்னார்.

"என்ன சுஜா, இன்னும் ஆகலியா?"

"ரெண்டு சர்வர்லயும் ப்ராசசர் வேற வேற சார். புதுசுக்குத் தெரிஞ்ச சில வித்தை பழசுக்குத் தெரியாது. சாஃப்ட்வேர் அந்த வித்தையை நம்பி ஓடிகினு இருக்குது. அப்படியே பழசுக்குப் போனா படுத்துக்கும்."

"அதுக்கு என்னதான் வழி?"

"ஒரு செட்டிங் இருக்குது. அதைப் போட்டா, புதுசு தனக்குத் தெரிஞ்சதை மறைச்சுகினு பழசுக்குச் சமமா ஓடும். அப்புறம் எங்க வேணா மாத்திக்கலாம். ஆனா அதைப் போட அஞ்சு நிமிஷம் நிறுத்தியாகணும்."

"அவ்ளோ விலை குடுத்து வாங்கினதை மக்கு ஆக்கறியா? என்னவோ பண்ணு. கியூ முடிஞ்சப்புறம் நிறுத்து."

இஸ்ரேல் அண்ணா திரும்பிப் பாத்தார். "புதுசு கோச்சுக்காதாம்மா?"

"மிஷினுக்கு என்னண்ணா கோவம்? நீங்க டைப் அடிங்க."

எங்க அடிக்கறது. ரெண்டே விரல். ஒரு எழுத்து அடிச்சுட்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாப்பார். அப்புறம் இன்னொரு எழுத்து. ஆமை எங்க மலைக்கோயில் முன்னூத்தி அறுபத்தஞ்சு படி ஏறின கதைதான். கியூ வாசல் வரைக்கும் நின்னுச்சு. இவரால என் வேலை கெடுது.

ஹேமநாதன் சார் என் காதுகிட்ட குனிஞ்சார். "நீ போறதுக்குள்ள ஒரு லிஸ்ட் எடுத்துக் குடு. இந்த ஒரு வருஷத்துல ஒரு பேரைப் பதிய யாருக்கு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு. ரெண்டு பேர்ல யார் ஸ்லோவோ, அவங்களை இந்த மாசத்தோட நிறுத்திடறேன்."

"தாராளமா எடுத்துத் தரேன் சார்." லிஸ்ட் எதுக்கு, யாருன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

ஒரு மணிக்கு துர்கா சாப்பிடப் போனா. சாரும் போனார். இனி பொறுக்க முடியாதுன்னு நிறுத்திட்டேன். அஞ்சு நிமிஷம்னு சொன்னது பன்னெண்டு நிமிஷம் ஆயிடுச்சு. அதுக்குள்ள முப்பது பேர் சேந்துட்டாங்க. காய்ச்சல்ல ஒரு குழந்தை வீல் வீல்னு அழுதுகினு இருந்துச்சு. தப்பு என்னோடதுதான்.

இஸ்ரேல் அண்ணா வாசலை ஒரு தரம் பாத்தார். எழுந்து சுத்திப் போய் துர்கா சேர்ல உக்காந்தார்.

"அண்ணா, அது துர்கா பேர்ல இல்ல ஏறும்?"

"தெரியும்மா. இந்த சேர் வாட்டமா இருக்குது."

அப்புறம் கேட்டுச்சு பாருங்க ஒரு சத்தம், தகரத்து மேல மழை பெய்யற மாதிரி. எழுந்து எட்டிப் பாத்தா, பத்து விரலும் ஓடுது. கண்ணு கீபோர்டு பக்கமே போகல. கால் மணி நேரத்துல முப்பது பேரும் டோக்கனோட உள்ள போயிட்டாங்க.

"எங்கண்ணா கத்துகினீங்க இதை?"

"கோர்ட்டுல இருபத்தெட்டு வருஷம் டைப்பிஸ்ட்டும்மா. சார்கிட்ட சொல்லிடாத. நான் இந்த வேகத்துல அடிச்சா, பக்கத்து கவுண்டர்லயும் இதே வேகம் கேப்பார்."

நான் போய் மறுபடியும் பட்டனை அழுத்தினேன். சாஃப்ட்வேர் ஓடினபடியே பழசுக்கு மாறிடுச்சு. கவுண்டர்ல ஒருத்தருக்கும் தெரியல.

சாப்பிட்டு வந்த ஹேமநாதன் சார் நான் எடுத்து வச்ச லிஸ்டைப் பாத்துட்டு நெத்தியில அடிச்சுகினார்.

"ரெண்டும் ஒரே லெவல்ல இருக்குது. இதுல யாரைன்னு அனுப்பறது?"

"யாரையும் அனுப்ப முடியாது போல சார்."

"காலையில நீயேதானே இஸ்ரேல் மேல எரிஞ்சு விழுந்துகினு இருந்த?"

"பசி சார்."

அவர் லிஸ்டைக் கசக்கிப் போட்டுட்டு ரூமுக்குப் போயிட்டார். துர்கா வந்து அவ சீட்டுல உக்காந்தா. இஸ்ரேல் அண்ணா முன்னால அடுத்த ஆள் நின்னார்.

"பேரு?"

"தணிகைவேல்."

இஸ்ரேல் அண்ணா எட்டு விரலை மடக்கிகினார். "துர்கா, இந்த 'டி' எங்கம்மா இருக்குது?"

"ஒரு வருஷமா சொல்றேண்ணா. இதோ, இங்கதான்."

துர்கா சிரிச்சுகினே எழுந்து, தடுப்புக்கு மேல வலது கையை நீட்டி 'டி'யைத் தொட்டுக் காட்டினா. விசைத்தறியில போனது போக, அந்தக் கையில மிச்சம் இருந்தது ரெண்டே விரல்.