சுவரொட்டியில் ஒரு வரி

ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி வழிந்ததும் அணைத்தேன். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினேன். காபி குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

எதிர் வயலில் குறுவைக்குச் சேறடித்துக்கொண்டிருந்தார்கள். டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்குகளும் காக்கைகளும் மைனாக்களும் இறங்கிக் கத்தின.

ஜன்னலைச் சாத்தினேன். மூன்று நாளாக இப்படித்தான்.

ஏழு மணிக்கு மாமனார் பஞ்சநதம் வந்தார். கையில் சுருட்டிய தாள். நேற்று அச்சகத்தில் கொடுத்தனுப்பிய சுவரொட்டியின் மாதிரி. மேசையில் விரித்து, மூலைகளை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார்.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. பிரகதீஸ்வரி.

என் மனைவி. கல்யாண வரவேற்பில் எடுத்த படம். என்னை வெட்டி எடுத்திருந்தார்கள். அவள் தோளில் என் விரல்கள் நான்கு மட்டும் மிச்சம்.

படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி. ‘அப்பா பக்கத்துலதான் இருக்காங்க. நீங்க பயப்படாதீங்க.’

அதற்கும் கீழே, சின்னதாக: மகளே, நீ கடைசியாகச் சொன்னது.

“பாப்பா இதே வார்த்தையத்தானே சொன்னுச்சு, மாப்பிள்ளை? ஒரு எழுத்து மாறினாலும் அதுக்குப் புடிக்காது, நம்மள உண்டு இல்லன்னு பண்ணிடும். நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

அப்படி அவள் சொல்லவே இல்லை. அது நான் சொன்ன பொய்.

போன வருடம், தன் தம்பி கல்யாணத்துக்காக, நாங்கள் இருந்த நார்வேயிலிருந்து அவள் மட்டும் முதலில் வந்தாள். வந்த இடத்தில் டெங்கு. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்ப முடியும் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமையே கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை திமிங்கலம் பார்க்கப் படகு. ஆறு மாதம் முன்பே அதில் எங்கள் இருவருக்கும் இடம் பதிந்தவள் அவள்தான். தேதியை மறந்திருப்பாள் என்று நினைத்தேன். காய்ச்சல்தானே, ஒரு நாள்தானே என்றும் நினைத்தேன்.

நார்வேயின் வடகோடி. படகுக்குப் பின்னாலேயே நூற்றுக்கணக்கில் கடற்பறவைகள். எஞ்சினை நிறுத்தினார்கள். கறுத்த முதுகு ஒன்று நீரைப் பிளந்து எழுந்து மூச்சு விட்டது. மழையில் ஊறிய வைக்கோல்போரின் வாடை.

அப்போது அவள் அழைத்தாள்.

ஒதுங்கிப் போய், வாயைக் கையால் மறைத்து, மீட்டிங்கில் இருக்கிறேன் என்றேன்.

அவள் மெதுவாக ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். திமிங்கலம் வாலைத் தூக்கியது. எல்லோரும் கத்தினார்கள். பறவைகள் அதைவிட. நான் வாலைப் பார்த்துக்கொண்டே ‘ம்’ என்றேன். மறுபடியும் ‘ம்’.

அவள் அப்போது சொன்னது என்னவென்று எனக்குத் தெரியாது. திருப்பிக் கேட்கவும் இல்லை.

அந்த நேரத்தில் மாமனார் இளநீர் வாங்கக் கீழே போயிருந்தார். திரும்பி வருவதற்குள் அவளைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை.

நான் வந்து சேர்ந்த அன்று அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பாப்பா கடைசியாக என்ன சொன்னது என்று கேட்டார். இளநீருக்குப் போயிருக்கக் கூடாது, போயிருக்கக் கூடாது என்று அதையே சொல்லி அழுதார். அந்தப் பொய் யோசிக்காமலே என் வாயில் வந்தது.

அவருக்காகத்தான் சொன்னேன் என்று ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

“ஏன் சாத்தி வச்சிருக்கீங்க? கொஞ்சம் காத்து வரட்டும்.”

மாமனார் ஜன்னலைத் திறந்தார். பறவைச் சத்தம் மொத்தமும் உள்ளே வந்தது. பேனாவை என்னிடம் நீட்டினார்.

“அதேதான் மாமா,” என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

அவர் அந்த வரியை விரலால் ஒருமுறை தடவிவிட்டுத் தாளைச் சுருட்டினார். நாளைக் காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெரு வரைக்கும் ஒட்டிவிடுவார்கள்.

அவர் போன பிறகும் நான் ஜன்னலைச் சாத்தவில்லை.

அன்று திமிங்கலத்தின் வால் முழுகியதும் அவள் பேச்சை நிறுத்திக் கவனித்துக் கேட்டாள். பறவைகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. பிறகு, கோபமே இல்லாமல் சொன்னாள்.

“சரி, பாருங்க. குல்லாவைக் காது மறையற மாதிரி இழுத்து விட்டுக்குங்க. கடல் காத்து உங்களுக்கு ஆகாது.”