கடுகளவு நுரையீரல்

“இப்பவே சொல்லிடறேன். நான் சிகரெட் பிடிப்பேன். விடச் சொல்லி மட்டும் என்னைக்கும் கேட்கக் கூடாது.”

“கேட்க மாட்டேன்.”

கல்யாணத்துக்கு முன் பேசிக்கொண்டது. பதினெட்டு வருடங்களாக அவள் வாக்குத் தவறவில்லை. எத்தனையோ முறை தொண்டைவரை வந்ததை அப்படியே விழுங்கியிருக்கிறாள்.

ஒரு மாத விடுப்பு முடிந்து அன்றுதான் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குத் திரும்பியிருந்தாள். மாலையில் அழைத்துப்போக வந்த கணவனைப் பிடித்து மைக்ராஸ்கோப் முன் உட்கார வைத்தாள்.

“நுரையீரல். கடுகளவு துண்டு. பாருங்க.”

ஊரெல்லாம் குழாய் மாட்டுகிறவன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். வெளிர் சிவப்பில் வலை விரித்தாற்போல் ஏதோ தெரிந்தது. நடுவே வட்ட வட்டமாகத் திறந்த வாய்கள்.

“அடேங்கப்பா! இதெல்லாம் குழாயா? சுவர் வெங்காயத் தோல் மாதிரியில்ல இருக்கு!”

“ரத்தக் குழாய். உடம்பு ரத்தம் மொத்தமும் நிமிஷத்துக்கு ஒரு தடவை இங்கே வந்துதான் காத்து வாங்கிட்டுப் போகுது.”

“ஒரு சொட்டு ஒழுக்கு இல்லாம! எந்த மேஸ்திரிடி இதைப் போட்டான்?”

அவள் சிரித்துக்கொண்டே வேறொரு கண்ணாடித் தகட்டை வைத்தாள்.

“என்னது, இதுல வாயே காணோம்? ஊசி நுழையாது போலிருக்கே. உப்புப் படிஞ்சிருக்கா... இல்ல, இல்ல, சுவரே தடிச்சுப்போச்சு. மோட்டார் என்ன பாடு படும்!”

“இதயம்தான் மோட்டார். இது சிகரெட் புகை பண்ற வேலை.”

“ஓஹோ, என்னை மிரட்டத்தான் உட்கார வெச்சியா?”

“நான் எதுவும் கேட்கலையே.”

அவனால் பார்வையை எடுக்க முடியவில்லை. “ஆள் கிழவனா?”

“நாற்பது வயசு.”

“அட பாவமே! விடச் சொல்ல வீட்டுல ஒரு நாதி இல்லையா?”

“இந்த ஆள் சிகரெட்டைத் தொட்டதே இல்லைங்க. பிடிக்கிறவர் பக்கத்துல உட்கார்ந்து தினமும் சாயங்காலம் கதை பேசினதோட சரி.”

அவன் மெல்ல நிமிர்ந்தான்.

“போன மாசம் என் நுரையீரல்ல இருந்து எடுத்த கட்டி சாதாரணக் கட்டிதான்னு டாக்டர் சொன்னதும், சந்தோஷத்துல ஆஸ்பத்திரி வாசல்லயே ஒண்ணு பத்த வெச்சீங்களே... அந்தக் கட்டியோட ஒட்டிக்கிட்டு வந்த துண்டு இது. விட்டுடுங்க, எனக்காக.”