ராசியில்லாத கை

“உன் கைக்கு ராசி இல்ல. வண்டிக்கே உன்னைப் பிடிக்கல!”

ஒரு மாதமாக ஒரு கணவன் தன் மனைவிக்கு வழங்கிவரும் தீர்ப்பு இது. வாருங்கள், வாசகர்களே! இந்தத் தீர்ப்பு எழுதப்பட்ட விதத்தை உங்கள் கண்ணாலேயே காணுங்கள்.

கணவன் வெளியூர் போயிருந்த காலை. தெருமுனையில் நின்றுபோன பழைய காரை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து பட்டறையில் விட்டுப் போனார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வெள்ளைக் கோட்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி அந்தப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள்.

“அண்ணே, எட்டு மணிக்கு நான் வேலையில நிக்கணும். இன்னொரு நாள் லேட்டானா வேற ஆளைப் போட்டுடுவோம்னு சொல்லிட்டாங்க.”

மெக்கானிக் காரைப் பார்த்தார்; பிறகு அவளைப் பார்த்தார். “என்னம்மா பண்ணுது?”

“ஸ்டார்ட் ஆகுது. தெருமுனை வரைக்கும் சமர்த்தாப் போகுது. அங்க உயிரை விட்டுடுது. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கு.”

“எப்பவுமா?”

“நான் வேலைக்குப் போறப்ப மட்டும். பத்து மணிக்கு அவர் வந்து உக்காந்தா கன்னுக்குட்டி மாதிரி துள்ளிக்கிட்டு ஓடுது. அவர் கைராசி அப்படி!” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “இத்தனைக்கும் என் சம்பளத்துல வாங்கின வண்டிண்ணே. அவர்தான் தினமும் காலையில துடைச்சு வைப்பார். நேத்து ஊருக்குக் கிளம்புறப்பகூட துடைச்சு வெச்சுட்டுத்தான் போனார்.”

“எத்தனை நாளா இப்படி?”

“ஒரு மாசமா. ‘வீட்ல கெடன்னு வண்டியே சொல்லுது’ங்கிறாங்க மாமியார். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, கோளாறு என் கையிலதானோன்னு.”

மெக்கானிக்கின் முகம் கறுத்தது. “வண்டியைப் பத்தி வேற ஒண்ணும் சொல்லலையா உங்க வீட்டுக்காரர்?”

“வேற என்ன சொல்லணும்?”

அவர் பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்பானரைத் தொடவில்லை. ஓட்டுநர் இருக்கையருகே மண்டியிட்டு, தரைவிரிப்பின் மடிப்புக்குள் கையை விட்டார். ஒரு சின்ன சுவிட்ச் வெளியே வந்தது. அதைப் பிடுங்கி, இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிச் சேர்த்தார். சாவியைத் திருப்பினார். என்ஜின் நிற்காமல் உறுமியது.

“இதை அணைச்சா பெட்ரோல் பம்ப் நின்னுடும். குழாய்ல மிச்சமிருக்கிறது தெருமுனை வரைக்கும்தான் வரும். திருடனுக்காக வெக்கிறது. உங்க கையில ஒரு கோளாறும் இல்லம்மா. கிளம்புங்க, ஏழே முக்கால் ஆச்சு.”

“அப்ப… தினமும் துடைச்சது…” ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“டார்ச்சுகூட அடிக்காம நேரா கையை விட்டீங்களே, எப்படிண்ணே?”

அவர் தலையைத் தூக்கவில்லை.

“நான் மாட்டினதும்மா. ‘திருட்டுப் பயம், யார் கண்லயும் படாம வைங்க’ன்னார் உங்க வீட்டுக்காரர். திருடன் யாருன்னு நான் கேக்கல.”

நீங்கள் கேளுங்கள், வாசகர்களே! உங்கள் கை முடுக்கும் திருகு யாருடைய காலைக் கட்டப்போகிறது என்று, கூலிக்குக் கை நீட்டுமுன் கேளுங்கள்!