நாளைக்கான கொட்டை

நைஜீரியாவின் எனுகு நகர மாலைக் கல்லூரி மாணவன் ஒபிடிகே, நாலு முறை அடித்துத் திருத்தாத எதையும் நம்பாதவன். விருந்தாளிக்கு முதலில் கொடுத்து வரவேற்கும் கொட்டையைப் பற்றி, ‘எங்கள் நாவல்களில் கோலாக் கொட்டை’ என்ற கட்டுரையோடு அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார்.

“உட்காருங்க ஐயா. இந்த வரி தேறுமா, சொல்லுங்க: ‘கோலாக் கொட்டை வாங்காமல் திரும்பிய விருந்தாளி, அந்த வீட்டுக்கு வந்ததாகவே கணக்கில்லை.’”

“பிரமாதம்!” பெரியவரின் பார்வை மேசை மேலிருந்த தட்டுக்குப் போனது. அதில் ஐந்தாறு கோலாக் கொட்டைகள்.

ஒபிடிகே சட்டென்று தட்டை மூடினான். “அது நாளைக்கு! அடாகுவோட அப்பா என்னைப் பார்க்க வர்றாரு. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர் சரின்னாத்தான் கல்யாணம்.”

“மரியாதை தெரிஞ்ச பிள்ளை!”

“கட்டுரையே அதைப் பத்தித்தானே! ஆமா, நீங்க என்ன விஷயமா வந்தீங்க?”

பெரியவர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். “நான்தான் அடாகுவோட அப்பன். ஒரு நாள் முன்னாடியே எட்டிப் பார்ப்போமேன்னு வந்தேன்.”

ஒபிடிகே அவசரமாகத் தட்டைத் திறந்து நீட்டினான்.

“வேணாம், வெச்சுக்க. கொட்டை வாங்காதவன் வந்ததாவே கணக்கில்லைன்னு நீதானே எழுதியிருக்கே? அப்போ நான் இன்னும் வரல. நாளைக்குத்தான் வருவேன். அந்த வரிய மட்டும் அடிச்சுடாதே, மாப்ளே!”